சோறு போனாலும் ஊசி போகாது

போன தை மாசம் கும்பகோணத்துல ஒரு சொந்தக்காரங்க கல்யாணம். பந்தியில எனக்கு எதிர்ல ஒரு மாமா. வயசு அறுபத்தஞ்சு இருக்கும். ஆள் சும்மா கிண்ணுன்னு இருந்தார். இலையில சோத்தை ஓரமா ஒதுக்கிட்டு அவியல், பொரியல், கூட்டுன்னு மட்டும் வெட்டிட்டு இருந்தார். நானும் அதே கேஸ்தானே, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சுக்கிட்டோம். பரிமாறுறவருக்குத்தான் எங்க ரெண்டு பேர் மேலயும் பயங்கரக் கடுப்பு :-)

அப்புறம் நான் இடுப்புப் பக்கமா திரும்பி பேனா ஊசியைப் போட்டதை மாமா பார்த்துட்டார்.

"என்னப்பா இது, சோத்தை விட்டுட்டே, இன்னும் எதுக்கு ஊசி? நான் பன்னெண்டு வருஷமா மாத்திரை தின்னேன். அரிசியை நிறுத்தினேன், எட்டே மாசத்துல மாத்திரையைத் தூக்கிக் குப்பையில போட்டேன். ஊசியெல்லாம் கம்பெனிக்காரன் பிழைக்கிறதுக்கு!"

எனக்கு இது பழகின பேச்சுதான். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஊசி போடுறவன் நான். பாகற்காய் ஜூஸ், வெந்தயம், ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான் எல்லா வைத்தியத்தையும் கேட்டாச்சு. சிரிச்சுட்டு மோர் ஊத்திக்கிட்டேன். ஆனா என் பக்கத்துல உட்கார்ந்திருந்த சித்தப்பா பையன் சிரிக்கலை. அவன் பொண்ணுக்கு ஒன்பது வயசு. அஞ்சு மாசம் முன்னாடிதான் டைப் 1ன்னு கண்டுபிடிச்சிருந்தாங்க.

அன்னிக்கு ராத்திரி மண்டப மாடியில என்னைத் தனியா கூப்பிட்டுக் கேட்டான். "அண்ணா, பாப்பாவுக்கு சோறு, இட்லி எல்லாம் குறைச்சுட்டோம். இப்ப ஒரு நாளைக்கு மொத்தமே ஆறு யூனிட்தான். சுகர் 110, 120ன்னு நிக்குது. மொத்தமா நிறுத்திப் பார்க்கலாமா? மாமாவுக்கு நின்னுச்சே?"

இந்தப் பதிவு அவனுக்குச் சொன்ன பதில்தான். கொஞ்சம் நீட்டி எழுதறேன், ஏன்னா இதே கேள்வி எத்தனையோ வீட்டு மாடியில ஓடிட்டு இருக்கும்.

முதல்ல ஒண்ணு. மாமா பொய் சொல்லலை. அவருக்கு இருந்தது டைப் 2. அவர் கணையம் இன்சுலினைச் சுரக்குது, உடம்புதான் அதைச் சரியா கேக்கலை. மாவுச்சத்தைக் குறைச்சு, எடையும் இறங்கினா, இருக்கிற இன்சுலினே போதும்னு ஆகலாம். அப்படி மாத்திரையை நிறுத்தினவங்க நிறைய பேர் நிஜமாவே இருக்காங்க. ஆனா டைப் 1ல கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்களையே உடம்போட எதிர்ப்புசக்தி அழிச்சிடுது. ரெண்டையும் "சக்கரை வியாதி"ன்னு ஒரே பேர்ல கூப்பிடறதுதான் நம்ம ஊர்ல நடக்கிற பாதிக் குழப்பத்துக்குக் காரணம். பைக்ல பெட்ரோல் அடைச்சுக்கிறதும் பெட்ரோலே இல்லாததும் ஒண்ணா? ரெண்டுலயும் வண்டி நிக்கும், அவ்வளவுதான் ஒத்துமை.

சரி, டைப் 1 ஆளு மாவுச்சத்தே சாப்பிடலைன்னா ஊசி எதுக்கு?

இங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க. ஊசி சோத்துக்கு மட்டும்னு நினைக்கிறோம். நான் போடுறது ரெண்டு விதம். ஒண்ணு சாப்பாட்டுக்கு. இன்னொண்ணு கல்லீரலுக்கு. நீங்க பட்டினி கிடந்தாலும் கல்லீரல் ராத்திரி பகலா ரத்தத்துல சர்க்கரையை விட்டுட்டே இருக்கும். அதை அடக்கி வைக்கக் கொஞ்சமாவது இன்சுலின் வேணும். அது சுத்தமா இல்லைன்னா சர்க்கரை ஏறும், கூடவே உடம்பு கொழுப்பைக் கட்டுப்பாடு இல்லாம உடைச்சு கீட்டோன் அமிலமா ரத்தத்துல கொட்டும். வாந்தி, வயித்து வலி, மூச்சிரைப்பு, அப்புறம் ஐசியூ. சோத்தைக் குறைச்சா சாப்பாட்டு ஊசி குறையும். கல்லீரல் ஊசி கொஞ்சம் குறையலாம், நிக்காது.

"சோத்தை நிறுத்தினா ஊசி வேணாம்"கிறது ஏதோ புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. இன்சுலின் வர்றதுக்கு முன்னாடி உலகம் முழுக்க அதைத்தான் செஞ்சு பார்த்தாங்க, வேற வழி இல்லாம. அமெரிக்காவுல ஃப்ரெடரிக் ஆலன்னு ஒரு டாக்டர் 1910கள்ல குழந்தைகளை மாவுச்சத்தை ஒட்டக் குறைச்சு, அரைப் பட்டினியில வச்சிருந்தார். அதுல சில பேருக்குக் கூடுதலா கொஞ்ச நாள் கிடைச்சது நிஜம். அந்த நாட்டு வெளியுறவு அமைச்சர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸோட பொண்ணு எலிசபெத்துக்கு 1919ல 11 வயசுல சர்க்கரை வந்தது. ஆலன் முறையில மூணு வருஷம் தாக்குப் பிடிச்சா. 1922 ஆகஸ்ட்ல டொரன்டோவுல பேன்டிங் கிட்ட கூட்டிட்டுப் போனப்ப அவளுக்குக் கிட்டத்தட்ட 15 வயசு, எடை 20 கிலோ. 15 வயசுப் பொண்ணு, 20 கிலோ! அங்க இன்சுலின் போட ஆரம்பிச்சாங்க. அவ கல்யாணம் பண்ணி, பிள்ளைங்க பெத்து, 73 வயசு வரைக்கும் இருந்து 1981ல காலமானாங்க. மாவுச்சத்தைக் குறைச்சது மூணு வருஷம் கொடுத்தது. ஊசி கிட்டத்தட்ட அறுபது வருஷம் கொடுத்தது. இதுக்கு மேல என்ன சொல்ல?

"அப்ப நீ ஏன்யா சோத்தை ஒதுக்கினே?"ன்னு கேக்கறீங்களா? வர்றேன்.

நான் தஞ்சாவூர் ஜில்லாக்காரன். சோறு இல்லாத வேளை சாப்பாடே இல்லைன்னு வளர்ந்தவன். 1999ல காலேஜ் மூணாவது வருஷத்துல எனக்கு வந்தது. அப்ப ஒரு டாக்டர், "எல்லாரையும் மாதிரி சாப்பிடு, அதுக்குத் தக்க ஊசியை ஏத்திக்கலாம்"னார். சாப்பிட்டேன், ஏத்தினேன். பதினேழு வருஷம் சர்க்கரை மெரினா ராட்டினம் மாதிரி 300, 60, 280ன்னு ஏறி இறங்கிட்டே இருந்தது. ஹெச்பிஏ1சி எட்டுக்குக் கீழ வந்ததே இல்லை. 2016ல பேலியோ அலை அடிச்சப்ப நானும் குதிச்சேன்.

குதிச்ச மொத ராத்திரியே உயிர் போகப் பார்த்தது. வழக்கமா இட்லிக்குப் போடுற ஏழு யூனிட்டைக் கைப்பழக்கத்துல போட்டுட்டு பன்னீரும் ரெண்டு ஆம்லெட்டும் சாப்பிட்டுப் படுத்துட்டேன். தட்டுல இருந்த மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் கூட ஜாஸ்தி. பதினோரு மணிக்கு தங்கமணி வந்து பார்த்தா, சட்டை தொப்பலா நனைஞ்சு, நான் ஏதோ கணக்கு வாத்தியார் கிட்ட சண்டை போட்டுட்டு இருந்தேனாம். மெஷின்ல 38. சர்க்கரைத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா குடிக்க வச்சு என்னை மீட்டா. இன்னிக்கு வரைக்கும் ஆம்லெட் போடும்போதெல்லாம் "ஊசி எத்தனை?"ன்னு கேப்பா. அதைத் தொல்லைன்னு சொல்ல எனக்கு வாய் இல்லை.

மாத்திரை சாப்பிடாத ஆளு திடீர்னு சோத்தை விட்டா மிஞ்சிப் போனா ரெண்டு நாள் தலைவலி. ஊசி போடுற ஆளு டோஸைக் குறைக்காம விட்டா மயக்கம். அதனால சாப்பாட்டை மாத்துறதுக்கு முன்னாடியே டாக்டர் கிட்ட உட்கார்ந்து டோஸ் கணக்கை மாத்தணும்.

அதுக்கப்புறமும் நான் ஏன் விடலைன்னா, கணக்கு எனக்குப் பிடிச்சுப் போச்சு. ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன்னு ஒருத்தர். 1946ல 12 வயசுல டைப் 1 வந்தது. தொழில் இன்ஜினீயர். 1969ல, டாக்டர்களும் ஆஸ்பத்திரிகளும் மட்டும் வாங்க முடிஞ்ச ரத்தச் சர்க்கரை மெஷினை, டாக்டரான மனைவி பேர்ல வாங்கி வீட்டுலயே தன்னைத் தானே சோதிச்சுக்கிட்டார். சொன்னதை டாக்டருங்க காதுல வாங்கலைன்னு நாப்பத்தஞ்சு வயசுல மெடிக்கல் காலேஜ்ல சேர்ந்து டாக்டரே ஆயிட்டார்! 2025ல 90 வயசுல காலமானார். கடைசி வரைக்கும் ஊசி போட்டார்கிறதையும் சேர்த்து ஞாபகம் வச்சுக்கோங்க. அவர் சொன்ன தத்துவம் ரொம்ப எளிசு: சின்ன அளவு, சின்னத் தப்பு.

என் கணக்குலயே சொல்றேன். எனக்கு 10 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட். ஒரு யூனிட் சுமாரா 40 புள்ளி இறக்கும். (இது என் உடம்புக்கு. உங்களுக்கு வேற.) முன்னாடி மத்தியானம் ரெண்டு கப் சோறு, சாம்பார், உருளை எல்லாம் சேர்த்து 100 கிராம். கண்ணால அளக்கும்போது இருபது சதவீதம் தப்புறது சாதாரணம். 20 கிராம் தப்பு, ரெண்டு யூனிட் தப்பு, 80 புள்ளி மேலயோ கீழயோ. இப்ப காலிஃபிளவர், கீரைக்கூட்டு, முட்டை எல்லாம் சேர்த்து 15 கிராம். அதே இருபது சதவீதம் தப்பினாலும் 3 கிராம்தான், 12 புள்ளி. அவ்வளவுதாங்க விஷயம். மந்திரமும் இல்லை, ஆதி மனுஷனும் இல்லை. ஒரு வருஷத்துல ஹெச்பிஏ1சி 8.4ல இருந்து 6.3க்கு வந்தது.

2018ல 'பீடியாட்ரிக்ஸ்' இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. ஒரு நாளைக்குச் சராசரியா 36 கிராம் மாவுச்சத்து மட்டும் சாப்பிடுற டைப் 1 ஆளுங்க 316 பேர், சராசரி ஹெச்பிஏ1சி 5.67. பிரமாதமான நம்பர். ஆனா அவங்க எல்லாரும் தானா முன்வந்து விவரம் கொடுத்த, ரொம்ப ஒழுங்கான கூட்டம். எல்லாருக்கும் இப்படி வரும்னு அதை வச்சுச் சத்தியம் பண்ண முடியாது. முக்கியமா, அந்த 316 பேரும் இன்சுலின் போடுறவங்க. இதை மேற்கோள் காட்டுற நம்ம ஆளுங்க அந்த வரியை மட்டும் விட்டுடறாங்க.

இன்னும் நாலு விஷயம், பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதும் படிச்சதும்:

1. முட்டை, பன்னீர், கறிக்கும் சர்க்கரை ஏறும். மெதுவா, மூணு நாலு மணி நேரம் கழிச்சு. "மாவுச்சத்து பூஜ்யம், ஊசியும் பூஜ்யம்"னு கணக்குப் போடாதீங்க.

2. தினை, சாமை, குதிரைவாலி, கோதுமை எல்லாமே மாவுச்சத்துதான். நார்ச்சத்து கூட இருக்கலாம், ஆனா ஊசிக் கணக்குல அரிசிக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான், பேர்ல மட்டும்தான் நாடு.

3. "கிளிஃப்ளோசின்"னு முடியற மாத்திரைகள் இப்ப மலிவாக் கிடைக்குது. ஊசி போடுறவங்க அதோட சேர்த்து மாவுச்சத்தையும் ஒட்டக் குறைச்சா, மெஷின்ல சர்க்கரை நார்மலா காட்டும்போதே கீட்டோன் அமிலம் ஏறிடலாம். வாந்தி வந்தா மெஷினை மட்டும் நம்பாம கீட்டோனைப் பாருங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

4. பேலியோவோ பாயசமோ, பாக்கெட்ல குளுக்கோஸ் இருக்கணும். சர்க்கரை இறங்கினா 15 கிராம், அதாவது மூணு டீஸ்பூன். அப்ப கொள்கை பேசக்கூடாது.

இன்னொண்ணும் சொல்லாம விட மனசு வரலை. 2011ல இருந்து தமிழ்நாட்டு ரேஷன்ல அரிசி இலவசம். முட்டையும் பன்னீரும் பாதாமும் இலவசம் இல்லை. தினமும் நாலஞ்சு தடவை குத்திப் பார்க்கிற ஸ்ட்ரிப்பும் இலவசம் இல்லை. அதனால "சோத்தை விடாதவன் சோம்பேறி"ன்னு யாராவது பேசினா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அரைத் தட்டு சோறு, கூட சுண்டலும் கீரையும்னு குறைச்சு, அதைத் தினமும் ஒரே அளவுல சாப்பிட்டாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு. நானே 30 கிராம் சந்நியாசி இல்லை. 70 கிராம் வரைக்கும் போவேன். தீபாவளிக்கு அதையும் தாண்டுவேன், ஹி ஹி.

மறுபடியும் மாடிக்கு வருவோம். தம்பி கிட்ட இவ்வளவும் சொல்லலை. ரெண்டே விஷயம் சொன்னேன். "டைப் 1 வந்து ஊசி ஆரம்பிச்ச புதுசுல, மிச்சம் இருக்கிற செல்லுங்க கொஞ்ச மாசத்துக்கு எழுந்து வேலை செய்யும். டாக்டருங்க இதைத் தேனிலவுன்னு சொல்வாங்க. பாப்பாவுக்கு ஆறு யூனிட் போதும்னா அது சோத்தைக் குறைச்சதால மட்டும் இல்லை, தேனிலவு. இது முடியும். முடியற அன்னிக்கு ஊசி இல்லாம இருந்தா என்ன ஆகும்னு யோசி. இன்னொண்ணு, அவ வளர்ற பிள்ளை. நான் சோத்தை ஒதுக்கறேன்னு அவளுக்கும் ஒதுக்காதே. எவ்வளவு குறைக்கலாம்னு அவ டாக்டரைக் கேளு, உசரமும் எடையும் மாசா மாசம் பாரு."

அவன் ரொம்ப நேரம் பேசலை. "இவ்வளவு சின்னக் கையிண்ணா"ன்னான். எனக்கும் பதில் இல்லை. ரெண்டு பேரும் கீழ நாதஸ்வரக்காரங்க சாமானைக் கட்டுறதைப் பார்த்துட்டு நின்னோம்.

நிறுத்தலை. சித்திரை பாதியில போன் பண்ணினான். சாப்பாடு அதேதான், ஆனா ஆறு யூனிட் பதிமூணு ஆயிடுச்சாம். தேனிலவு முடிஞ்சு போச்சு. பின்னாடி இருந்து பாப்பா போனைப் பிடுங்கி, "பெரியப்பா, மூணு இட்லி 36 கிராம், நானே கணக்குப் போட்டேன்!"ன்னா. எங்க வீட்டு இட்லியும் அதே சைஸ்தான். கணக்கு சரி.

மாமாவுக்கு என் மேல கோபம்னு கேள்விப்பட்டேன். இருந்துட்டுப் போகட்டும். அடுத்த கல்யாணத்துல அவர் இலையிலயும் அவியலைக் கூடப் போடச் சொல்றேன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, நோயாளி. இங்க இருக்கிற யூனிட் கணக்கு எல்லாம் என் உடம்போடது. காப்பி அடிக்காதீங்க. உங்க அனுபவத்தைப் பின்னூட்டத்துல எழுதுங்க. ஆனா "மூலிகைப் பொடி, மூணே மாசம், ஊசிக்கு டாட்டா"ன்னு வர்ற பின்னூட்டத்தை மட்டும் வெளியிட மாட்டேன். இந்த ஒரு விஷயத்துல நான் சர்வாதிகாரி :-)