யோனெசு: எங்கிருந்து தொடங்கலாம்?

ஜப்பானியப் பாடகர் கென்ஷி யோனெசுவைக் கேட்கத் தொடங்குபவர்களிடம் எல்லோரும் நீட்டுவது 'லெமன்' பாட்டைத்தான். நானும் அதையே சொல்வேன். சந்தேக மரணங்களை ஆராயும் மருத்துவர்களைப் பற்றிய 'அன்னேச்சுரல்' தொடருக்காக எழுதியது; 2018-இல் வெளிவந்தது. எழுதிக்கொண்டிருந்தபோதே அவருடைய தாத்தா இறந்துபோனார். அந்த இழப்பு பாட்டுக்குள் இறங்கிவிட்டது. தாளத்துக்கு நடுவே விக்கல்போல ஒரு குரல் துணுக்கு வந்து வந்து வெட்டும். முதலில் எரிச்சலாக இருக்கும், பிறகு அது இல்லாமல் பாட்டே இல்லை. அந்த ஆண்டு இறுதியில் சொந்த ஊரான தொகுஷிமாவின் ஓட்சுகா அருங்காட்சியகத்திலிருந்து, மெழுகுவத்திகள் சூழ, புத்தாண்டுக்கு முந்தைய இரவின் என்எச்கே தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதைப் பாடினார்.

அடுத்து 'பாப்ரிகா'. முதலில் 'ஃபூரின்' சிறுவர் குழு துள்ளலாகப் பாடியதைக் கேளுங்கள்; பிறகு அவரே பாடியதை. மெட்டு அதேதான். ஆனால் இரண்டாவதில், விளையாட்டு முடிந்து தோழர்களெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டதுபோல ஒரு தனிமை. என் ஓட்டு இரண்டாவதற்கே. 'செயின்சா மேன்' அனிமேவுக்குப் போட்ட 'கிக் பேக்' இரைச்சலை முதல் நாளே தொடவேண்டாம். ஹயாவோ மியாசாகியின் 2023 படத்துக்கு எழுதிய 'சிக்யூகி' பாட்டுக்கோ, அவசரமில்லாத ஓர் இரவு வேண்டும்.