'இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?' - பித்தநாளத் தொற்றில் தாமதம்தான் ஆபத்து

வீட்டில் 80 வயது தாத்தா. திடீரெனக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கண்ணெல்லாம் மஞ்சள். "காமாலைதான், கீழாநெல்லி கொடுத்தா சரியாயிடும்" என்பார் ஒருவர். மருத்துவமனைக்குப் போனால், வாய் வழியாக எண்டோஸ்கோப்பி செலுத்தி அடைப்பை நீக்கும் 'இ.ஆர்.சி.பி.' செய்யணும் என்கிறார் டாக்டர். உடனே அடுத்த குரல்: "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்? ஆன்டிபயாடிக் போட்டுப் பார்க்கலாமே?"

அக்கறையில் வரும் கேள்விதான். ஆனால், இந்த நோயில் உயிருக்கு உலை வைப்பதே அந்தத் தாமதம்தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர், பித்தநாளம் வழியாகக் குடலுக்கு வருகிறது. பித்தப்பையிலிருந்து நழுவிய கல் அந்தக் குழாயை அடைத்தால், தேங்கிய பித்தநீரில் பாக்டீரியா பெருகும். அழுத்தம் கூடக் கூட, கிருமிகள் ரத்தத்தில் கலக்கும். அடைபட்ட குழாய்க்குள் ஆன்டிபயாடிக்கும் போதுமான அளவு போய்ச் சேராது. சாக்கடை அடைப்பை எடுக்காமல் பினாயில் ஊற்றுவது போலத்தான்!

காய்ச்சல், மஞ்சள் காமாலை, வலது மேல் வயிற்றில் வலி - இவைதான் முக்கிய அறிகுறிகள். முதியவர்களுக்கு மூன்றும் சேர்ந்து தெரியாமல் போகலாம். சிலருக்குக் குழப்பமான பேச்சு, அசதி மட்டுமே இருக்கும்.

வயது தடையா?

2018-ம் ஆண்டு டோக்கியோ மருத்துவ வழிகாட்டுதலில், நோயின் தீவிரத்தை அளக்கும் காரணிகளில் ஒன்று 75 வயதைத் தொட்டிருப்பது. அதாவது, வயது என்பது சிகிச்சையைத் தள்ளிப்போடக் காரணம் அல்ல. சீக்கிரம் செய்யவே காரணம்.

1992-ல் வெளியான ஹாங்காங் ஆய்வு ஒன்று, தீவிரத் தொற்றுள்ள 82 பேரை இரண்டாகப் பிரித்தது. அறுவை சிகிச்சை செய்த 41 பேரில் 13 பேர் இறந்தனர். எண்டோஸ்கோப்பி செய்த 41 பேரில் 4 பேர். வயிற்றைக் கிழிக்காத வழிதான் பலவீனமான உடலுக்குப் பாதுகாப்பு.

ரிஸ்க்கே இல்லையா?

இருக்கிறது. கணைய அழற்சி, ரத்தக்கசிவு, அரிதாகக் குடலில் துளை விழுவது ஆகியவை நேரலாம். உடல் ரொம்பத் தளர்ந்திருந்தால், அன்றே கல்லை எடுத்தாக வேண்டும் என்றில்லை. ஸ்டென்ட் வைத்துப் பித்தநீரை வடியவிட்டு, உடம்பு தேறியதும் கல்லை எடுக்கலாம். ஆனால், பிளாஸ்டிக் ஸ்டென்ட் சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும். டாக்டர் சொன்ன தேதியை மறந்தால் மறுபடியும் தொற்றுதான்.

எனவே, "வயசாயிடுச்சே" என்று தயங்குவதை விட்டு, "எவ்வளவு சீக்கிரம் செய்யணும்? இப்போது ஸ்டென்ட் மட்டும் போதுமா? ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தணுமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். தாத்தா நினைவோடு இருந்தால், அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். உடம்பு அவருடையது!