மடத்து நண்டு

என் கையால் ஓர் உயிர் போன கதையிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

2018-ஆம் ஆண்டு மே மாதம், கல்லூரி விடுமுறையில், நியூஜெர்சியில் வசிக்கும் என் அக்கா வீட்டிற்குச் சென்றிருந்தேன். போன முதல் ஞாயிற்றுக்கிழமை அட்லாண்டிக் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். கடலை ஒட்டி நெடுந்தூரத்திற்கு மரப்பலகை பாவிய நடைபாதை. அதன் ஓரமெங்கும் பஞ்சுமிட்டாய், சட்டை, பொம்மைக் கடைகள். ஒரு கடை வாசலில் கம்பிக்கூண்டு நிறைய நண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு சங்கைச் சுமந்து திரிந்தது. சங்குகளின் மேல் கால்பந்து, பட்டாம்பூச்சி, அமெரிக்கக் கொடி என்று வண்ணப்பூச்சு. அக்காவின் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பட்டாம்பூச்சியைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு பொட்டலம் தீனியும் ஓர் ஈரப்பஞ்சும் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றார் கடைக்காரர். "நாய் வளர்ப்பதற்கு இது எவ்வளவோ மேல், வாங்கிக் கொடு அக்கா" என்று சிபாரிசு செய்தவன் நான்.

மூன்றாவது வாரம் நண்டைக் காணவில்லை. பெட்டியில் நான்கு விரல் ஆழத்திற்குப் பரப்பியிருந்த மணலுக்குள் போய்விட்டது. பத்து நாள் பார்த்தோம். குழந்தை பள்ளிக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் நான் ஒரு கரண்டியால் மணலைக் கிளறினேன். வெளிறிய, துவண்ட ஓர் உடம்பு; அருகில் கழன்று கிடந்த கால்கள். செத்துவிட்டது என்று காகிதத்தில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். குப்பை வண்டி வந்து போயிற்று. அன்று மாலை குழந்தைக்கு ஆறுதல் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று இணையத்தில் தேடியபோதுதான் தெரிந்தது: நண்டு சட்டை உரித்துக்கொண்டிருந்திருக்கிறது. கழன்று கிடந்தவை பழைய ஓட்டின் கால்கள். செத்த நண்டு மீன் அழுகியதுபோல் வீடு முழுக்க நாறும். எங்கள் பெட்டியில் அப்படி ஒரு வாடையே இல்லை. நான் தூக்கி எறிந்தபோது அது உயிரோடுதான் இருந்திருக்க வேண்டும்.

இதை அறியாமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த அறியாமையில் பெயருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது, தமிழ் படித்துத் தமிழ் கற்பிக்கும் எனக்குத் தோன்றுகிற எண்ணம். ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்து, நாமும் 'துறவி நண்டு' என்கிறோம். துறவி என்றால் தனித்திருப்பவர், எதுவும் வேண்டாதவர். ஆகவே ஒன்று போதும், சிறு கூண்டு போதும், கவனிப்பும் வேண்டாம். விற்பவர் சொல்லும் அத்தனையும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. உண்மையில் எதையும் துறக்காத பிராணி இது. மெல்லிய வயிற்றை மறைக்க இரவல் சங்கில் குடியிருந்துகொண்டு, அடுத்தவர் சங்கின் மேலேயே கண்ணாக இருக்கும். பட்டினத்தார் கேட்டால் சிரிப்பார்.

வேடிக்கை என்னவென்றால், அறிவியல் பெயர் வைத்தவர் சரியாகவே வைத்திருக்கிறார். தரைவாழ் வகைகளின் பேரினப் பெயர் சீனோபைட்டா. தனித்து வாழும் முனிவரை அல்ல, மடத்தில் கூடி வாழும் துறவியைக் குறிக்கும் இலத்தீன் சொல் அது. எனவே 'மடத்து நண்டு' என்பதே பொருத்தம் என்பேன்.

மடம் எப்படி நடக்கிறது என்பதையும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நல்ல காலிச் சங்கு ஒன்று கிடைத்தால் நண்டுகள் அளவு வாரியாக வரிசை கட்டும். பெரியது புதுச் சங்கில் புக, அடுத்தது அதன் பழைய சங்கில் புக, கடைக்குட்டி வரை குடிமாற்றம் நடக்கும். அரசுக் குடியிருப்பில் மேலதிகாரி மாறுதலாகிப் போனால் நடக்கும் கூத்தேதான். மனிதர்களின் வேலை, வீடு மாற்றங்களைப் பற்றிய சமூகவியல் கருத்து ஒன்றை இந்த நண்டுகளுக்குப் பொருத்திக் காட்டியவர் ஐவன் சேஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். கோஸ்டா ரிக்காவின் கரைகளில் ஆராய்ந்த மார்க் லைட்ரி 2012-இல் இன்னொன்றை எழுதினார். தரைவாழ் நண்டுகள் சங்கின் உட்புறத்தைக் குடைந்து விசாலமாக்கிக்கொள்கின்றன. அப்படிப் பலர் குடியிருந்து செதுக்கிய சங்குதான் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது. இப்படிப்பட்ட பிராணியின் சங்கில் பட்டாம்பூச்சி வரைந்து, ஒற்றையாகப் பெட்டியில் போட்டு விற்கிறோம். வண்ணம் உரிந்து தீனியோடு வயிற்றுக்குள்ளும் போகிறது.

கடற்கரையில் விற்பதால் அந்தக் கடலில் பிடித்தது என்றே நான் நினைத்திருந்தேன். அங்கே விற்கப்படும் வகை கரீபியன் தீவுகளுக்கும் தென் புளோரிடாவுக்கும் உரியது. குஞ்சுகள் கடலில் மிதந்து வளர்ந்து பிறகு கரையேறுபவை என்பதால் வீட்டிலோ பண்ணையிலோ இனப்பெருக்கம் செய்விப்பது மிகமிக அரிது. கடையில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே இயற்கையிலிருந்து பிடித்து வந்தவை. 30 ஆண்டுகளும் வாழக்கூடிய உயிர், பெரும்பாலான வீடுகளில் சில மாதங்களில் முடிந்துபோகிறது.

காரணம் பெரும்பாலும் காற்றுதான். தரையில் வாழ்ந்தாலும் இவை மூச்சுவிடுவது ஈரமான செவுள்களால். காற்றின் ஈரப்பதம் 70 முதல் 80 விழுக்காடாவது இருக்க வேண்டும், வெப்பம் 25 டிகிரிக்கு மேல். கம்பிக்கூண்டில், வெப்பமூட்டிய அமெரிக்க வீட்டின் வறண்ட காற்றில், அது நாட்கணக்கில் மூச்சுத் திணறும். சத்தம் போடாத பிராணி என்பதால் நமக்குத் தெரிவதில்லை. மூடியுள்ள கண்ணாடித் தொட்டி வேண்டும். ஐந்து பங்கு மணலும் ஒரு பங்கு தேங்காய் நார்த்தூளும் கலந்து, பிடித்தால் பிடி நிற்கும் ஈரத்தில், குறைந்தது 15 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். இரண்டு நீர்க்கிண்ணங்கள்: குளோரின் நீக்கிய நன்னீர் ஒன்று, கடல்மீன் தொட்டிகளுக்கான உப்புக் கரைத்த நீர் ஒன்று. சமையல் உப்பு ஆகாது. நண்டு ஏறி வெளியே வர வழி இருக்க வேண்டும். நண்டுதானே என்று ஆழத்தில் விட்டால் மூழ்கிச் செத்துவிடும். வண்ணம் பூசாத காலிச் சங்குகள் பல அளவில். தின்னப் பழம், தேங்காய், சருகு, உப்பிடாத உலர் இறால். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு, அதாவது நம் நாட்டு மருந்துக் கடைகளில் கடல்நுரை என்று தருவார்களே, அதுதான்.

எல்லாவற்றிலும் கடினமானது, மணலுக்குள் போனால் தோண்டாமல் இருப்பது. நாலு வாரம் ஆகலாம், பெரிய நண்டானால் மாதக்கணக்கில் ஆகலாம். உரித்த சட்டையை அதுவே தின்று புதிய ஓட்டை இறுக்கிக்கொண்டு வரும். அதுவரை வெறும் மணலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

நெய்தல் பாடல்களில் மகளிர் அலவனை விரட்டி விளையாடுவதுண்டு. அலவனாட்டல் என்பார்கள். விளையாட்டு முடிந்ததும் பெண்கள் வீட்டுக்குப் போனார்கள், நண்டு வளைக்குப் போயிற்று. அந்த எல்லையோடு நின்றிருக்கலாம் என்பதே என் கட்சி. இதைச் சொன்னபோது, நண்டு வறுவலை விட்டுவைக்காத நீர் இப்படிப் பேசலாமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தின்பதை மறைக்கவில்லை. ஆனால் வறுவலுக்கு நான் பெயர் வைத்து, சட்டியருகே உட்கார்ந்து கொஞ்சுவதில்லை. காசு கொடுத்துப் புதிதாக வாங்கினால் பிடிப்பவர் இன்னும் நாலு பிடிப்பார். வளர்த்தே ஆக வேண்டுமானால், அலுத்துப்போய் யாரோ கைவிடுகிற நண்டுகள் அங்கே ஏராளம்.

குழந்தையிடம் அன்று "செத்துவிட்டது" என்றுதான் சொன்னேன். ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவு உண்மையைச் சொன்னேன். அழுதாள். விமான நிலையத்தில்கூட என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆறு மாதம் கழித்து, வேறு மாநிலத்திற்குக் குடிபோன ஒரு குடும்பத்திடமிருந்து அவர்கள் இரண்டு நண்டுகளைப் பெரிய தொட்டியோடு வாங்கிக்கொண்டார்கள். இரண்டும் இன்னும் இருக்கின்றன. சென்ற வாரம் பேசும்போது, பெரியது மணலுக்குள் போய் ஒன்பது வாரம் ஆகிறது என்றாள். "அடுத்த வருஷம் நீங்க வர்றப்போ அது கீழே இருந்தா, அந்த ரூமுக்கே வரக் கூடாது மாமா" என்றாள். சரி என்றேன்.