தேயிலைக் காட்சிக்கூடமும் தமிழ்ப் பள்ளியும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தாப்பாவிலிருந்து மலையேறும் பேருந்துகளில் தமிழ்ப் பள்ளி மாணவரைக் காணலாம். தானா ராத்தா என்னும் மலாய்ப் பெயருக்குச் சமநிலம் என்று பொருள். அச்சமநிலத்தைச் சூழ்ந்த சரிவுகளிலே தேயிலைச் செடிகள் பாய் விரித்தாற்போலப் படர்ந்து கிடக்கின்றன. மாணவர் தொழிற்சாலையையும் காட்சிக்கூடத்தையும் சுற்றிப் பார்க்கின்றனர். கொழுந்தை வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவிடுதல், உலர்த்துதல், தரம் பிரித்தல் என்னும் ஐந்து படிகளையும் குறித்துக்கொள்கின்றனர். பின்னர்த் தேநீர் அருந்திப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். மறுவாரம் 'நான் சென்ற சுற்றுலா' என்னும் கட்டுரை எழுதப்படுகிறது. அக்கட்டுரையில் பனி இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, அம்மலையைத் திருத்திய மனிதரைத்தான் காணோம்.

இம்மலையின் வரலாறு வழக்கமாகச் சொல்லப்படும் முறையை யாவரும் அறிவர். 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மேட்டுநிலத்தை அளக்க வந்தார். 1929இல் ரஸ்ஸல் என்னும் ஆங்கிலேயர் 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் அகர்வால் பாரத் தோட்டத்துக்கு அடிகோலினார். ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், ஒரு சில தொழிலாளர் ஆகியோரைக் கொண்டே அடர்காடு தோட்டமாயிற்று என்றும் சொல்லப்படுவதுண்டு. இக்கதையில் முதலாளிக்குப் பெயர் உண்டு. உருளைக்கு எண்ணிக்கை உண்டு. தொழிலாளருக்கோ இரண்டும் இல்லை. கழுதைகளோடு ஒரே வரியில் அவர்கள் நிறுத்தப்படுகின்றனர். அந்தத் தொழிலாளரிற் பெரும்பகுதியினர் தமிழர் என்பதைத் தமிழ் மாணவனுக்குச் சொல்லுவார் யார்?

ஒரு கிலோ தேயிலைக்கு நான்கு முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இயந்திரங்களின் வேலை, கொழுந்து தொழிற்சாலை வாயிலுக்கு வந்து சேர்ந்த பின்னரே தொடங்குகிறது. அதற்கு முன் அந்தக் கொழுந்து சரிவிலே கிள்ளப்பட்டுக் கூடையிலே சுமக்கப்பட்டது. இயந்திரத்தைக் கண்ணாடிக்குப் பின்னே நிறுத்திக் காட்டலாம். அட்டை கடித்த காலையும் கூடைக் கயிறு அழுத்திய நெற்றியையும் அவ்வாறு காட்ட இயலுமா? அவற்றைச் சொல்லித்தான் தெரிவிக்கவேண்டும். சொல்ல வேண்டியவரோ மாணவரோடு சென்ற ஆசிரியரே.

காட்சிக்கூடம் அமைத்த நிறுவனம் தன் பெருமையைக் காட்டுவது இயல்புதானே என்று சிலர் கேட்பர். ஆம், இயல்பே. குற்றம் அதனிடம் இல்லை. தன் முன்னோர் கதையைப் பிறர் வந்து எழுதித் தருவர் என்று காத்திருக்கும் சமுதாயத்திடம் இருக்கிறது. இலங்கை மலையகத்தைப் பாருங்கள். கண்டி ஹந்தானையில் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் 2001இல் தேயிலை அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. பழைய இயந்திரங்களும், 1867இல் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டம் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரின் நினைவும் அங்கே போற்றப்படுகின்றன. அது போதும் என்று மலையக மக்கள் வாளாவிருக்கவில்லை. 2007இல் கம்பளைக்கு அருகே பழைய லயத்து அறைகளிலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று தோன்றியது. பாட்டன் பாட்டி வாழ்ந்த அறையே அங்குக் காட்சிப்பொருளாயிற்று. அதற்கு மாளிகை தேவைப்படவில்லை, மனம் தேவைப்பட்டது.

தமிழ்நாட்டின் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல், அத்தொழிலாளர் பட்ட துயரை 'ரெட் டீ' என்னும் ஆங்கில நாவலாக 1969இல் வெளியிட்டார். பின்னர் அது 'எரியும் பனிக்காடு' என்று தமிழாயிற்று. அவர் கேட்டார், எழுதினார், ஆகவே இன்று படிக்க முடிகிறது. கேளாத ஊரில் முதியவரோடு வரலாறும் மண்ணுக்குள் போகிறது.

தோட்ட வாழ்வு இழிந்தது, அதைப் பிள்ளைகளுக்கு ஏன் நினைவூட்டவேண்டும் என்று கூசுவாரும் உளர். கூசவேண்டியவர் உழைத்தவர் அல்லர். உழைத்தவரைக் கூலி என்று அழைத்து அச்சொல்லையே வசையாக்கியவர். 1938இல் இந்திய அரசு கூலியாட்கள் குடியேற்றத்தைத் தடை செய்தது. மலைத் தோட்டங்கள் தோன்றி ஒன்பது ஆண்டுகளிலேயே கங்காணி வழி அடைபட்டது. அம்முதல் தலைமுறையில் இன்று எஞ்சியிருப்போர் அரியர். அவர்களின் மக்களும் முதுமை எய்திவிட்டனர். பேரர் பட்டணத்தில் இருக்கின்றனர். இன்று சரிவுகளில் வேலை செய்வோரிற் பலர் வங்காள தேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர். கத்தரியும் இயந்திரமும் விரல்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. எனவே கேட்பதற்கு உரிய காலம் நீண்டதன்று.

இது வரலாற்றுக்கு மட்டுமன்று, மொழிக்கும் நேரும் இழப்பாகும். குறிஞ்சித் திணையின் முதற்பொருளையும் கருப்பொருளையும் தமிழ் மாணவன் பிழையின்றி ஒப்புவிக்கிறான். ஆனால் கொழுந்து, கவாத்து, பெரட்டு, லயம், கிராணி, கங்காணி என்னும் சொற்களைக் கேட்டால் விழிக்கிறான். தன் பாட்டி பேசிய மலைத் தமிழ் அவனுக்குப் பிறமொழியாகிவிட்டது. பழந்திணையைக் கற்பிக்கவேண்டும்; ஐயமில்லை. ஆனால் கண்ணெதிரே நிற்கும் மலையை விட்டுவிட்டு ஏட்டு மலையை மட்டும் கற்பிப்பது முழுமையான தமிழ்க் கல்வி ஆகுமா?

செய்யத்தக்கது எளிது. அடுத்த சுற்றுலாவில் காட்சிக்கூடத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கப்படட்டும். தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ பிரிஞ்சாங்கிலோ வாழும் முதிய தொழிலாளர் ஒருவரின் வீட்டுத் திண்ணைக்கு மற்றொரு மணி நேரம் ஒதுக்கப்படட்டும். எந்த ஊரிலிருந்து வந்த குடும்பம், எந்தத் தோட்டம், என்ன சம்பளம், எங்கே பள்ளி என்று மாணவர் கேட்கட்டும்; அவர் சொன்ன சொல்லிலேயே எழுதட்டும். அக்குறிப்பேடுகள் திருத்தி மதிப்பெண் இட்டபின் எடைக்குப் போடப்படாமல் பள்ளி நூலகத்தில் பாதுகாக்கப்படட்டும். மலைப் பள்ளிகள் ஓர் அலமாரியையாவது கூடைக்கும் கொழுந்துக் கத்திக்கும் பழைய புகைப்படங்களுக்கும் ஒதுக்கட்டும். இதற்கு அமைச்சின் ஆணை வேண்டியதில்லை, பெரும்பொருளும் வேண்டியதில்லை.

இவ்வாறு பத்துப் பள்ளிகள் பத்து ஆண்டுகள் செய்தால், 'ஒரு சில தொழிலாளர்' என்னும் அந்த வரியில் பெயர்களை எழுத முடியும். அதுவரையில் மாணவன் குறித்துவரும் ஐந்து படிகளும் தேயிலையின் வரலாற்றிற் பாதியே ஆகும். மறுபாதியைத் தருவது தமிழாசிரியரின் கடன்.