வாழப் பழக்கும் பாடம்

பள்ளியிலே கணக்குப் பாடத்தில் நூற்றுக்கு நூறு பெறும் பிள்ளை, கடையில் மீதிச் சில்லறை குறைந்தால் அதை எடுத்துரைக்க நாவெழாமல் வீடு திரும்புகின்றான். இத்தகைய பிள்ளைகள் நம் இல்லங்களில் இல்லையா? அறிவு வளர்ந்திருக்கிறது, அதை வாழ்வில் கையாளும் ஆற்றல் வளரவில்லை.

இக்குறையை உணர்ந்தே, உலகச் சுகாதார நிறுவனம் 1990-களில் பள்ளிகளுக்கெனப் பத்து வாழ்க்கைத் திறன்களை வகுத்தளித்தது. தன்னை அறிதல், பிறர் துயர் உணர்தல், ஆராய்ந்து சிந்தித்தல், புதுமையாகச் சிந்தித்தல், முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், தெளிவாகப் பேசுதல், நல்லுறவு பேணுதல், மன அழுத்தத்தைத் தாங்குதல், உணர்ச்சியை அடக்கியாளுதல் என்பன அவை. குழந்தைமை நீங்கிப் பருவம் அரும்பும் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளே இவற்றைப் பயிற்றுவிக்க உகந்த காலமாகும்.

ஆயின், இப்பத்தையும் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்விப்பதால் பயன் யாது? நீந்தக் கற்பவன் நீரில் இறங்கியே ஆகவேண்டும். ஒரு வகுப்பிற்கு ஒரே திறன். அதற்குப் பிள்ளைகள் கண்டறிந்த ஒரு நிகழ்ச்சி. சிறு குழுக்களாகக் கூடிப் பேசவும் நடித்துக் காட்டவும் நேரம். முடிவில், ‘இவ்வாரம் நான் செய்யப் போவது யாது?’ என்னும் வினா. மறு வாரம் அதைப் பற்றிய விசாரணை. பாடத் திட்டம் இவ்வளவே.

பாலக்கோட்டில் நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சமில்லை. தக்காளி விலை சரிந்து, பறிகூலிக்கும் கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடும் துயரத்தை இவ்வட்டாரப் பிள்ளைகள் அறிவார்கள். பறிகூலி, வண்டி வாடகை, சந்தை விலை மூன்றையும் அவர்களிடம் கொடுத்து, பறிப்பதா, விடுவதா, அடுத்த போகத்தில் பயிரை மாற்றுவதா என்று கேளுங்கள். முடிவெடுத்தல் எத்துணைக் கடினமான செயல் என்பதை அன்றே உணர்ந்து கொள்வார்கள்.

இதனினும் கனமான பாடம் ஒன்றுண்டு. பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்கு மணம் முடிப்பதை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. ஆயினும் தருமபுரி மாவட்டத்திலிருந்து இத்தகைய திருமணச் செய்திகள் வந்த வண்ணமே உள்ளன. நிக்காஹில் மணப்பெண்ணின் சம்மதத்தைக் கேட்க வேண்டுமென்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அவளது மௌனத்தையே சம்மதமாகக் கொள்வோரும் நம்மில் உண்டு. அந்த மௌனம், பேசத் தெரிந்தவளின் மௌனமாக இருத்தல் வேண்டாமா? ‘நான் படிக்க விரும்புகிறேன்’ என்று பணிவு குன்றாமல் தந்தையிடம் சொல்லவும், நம்பிக்கைக்குரிய ஆசிரியையிடம் மனம் திறக்கவும், ஆபத்தில் 1098 என்னும் உதவி எண்ணை அழைக்கவும் ஏழாம் வகுப்பிலேயே அவள் பழக வேண்டாமா?

இது பெற்றோரை எதிர்க்கப் பழக்குவதாகாதோ என்று சிலர் ஐயுறலாம். திருமறையில் லுக்மான் (அலை) அவர்கள் தம் மைந்தனுக்கு வழங்கும் அறிவுரையை நோக்குங்கள். இறைவனை அறிதலும் பெற்றோரைப் பேணுதலும் அதிலே உண்டு, பொறுமையும் உண்டு, நடக்கும் நடையும் பேசும் குரலும்கூட உண்டு. மகனைத் திரும்பத் திரும்ப அன்போடு விளித்தே அவர் அதனைப் போதிக்கின்றார். அன்பும் ஒழுங்கும் இணைந்த அம்முறையே நமக்கு வழிகாட்டி.

ஆகவே பெற்றோர்களே, பள்ளியின் கூட்டத்திற்குச் செல்லும்போது மதிப்பெண்ணை மட்டும் விசாரித்துத் திரும்பாதீர்கள். வாழ்க்கைத் திறனுக்கு வாரம் ஒரு வகுப்பேனும் உண்டா என்று கேளுங்கள். இல்லத்திலே பிள்ளை பேசும்போது இடைமறியாமல் செவி கொடுங்கள். பள்ளியில் பழகியதை வீடு மறுத்துவிடின், பாடம் முழுவதும் பாழாகிவிடும். வல்ல நாயன் நம் மக்களை நேர்வழியில் உறுதிப்படுத்துவானாக.