கட்டு தவறிப்போச்சாம்

எங்க சித்தப்பாவுக்கு இருந்தது அறுபது சென்ட். அதுக்கும் ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். முன்சீப் கோர்ட்டில் எங்களுக்கு வக்காலத்துப் போட்ட வக்கீல் எதிருரையே தாக்கல் செய்யவில்லை, வாய்தாவுக்கும் போகவில்லை. எக்ஸ்பார்ட்டியில் தீர்ப்பாகிவிட்டது. அதை நீக்கக் கேட்பதற்கு 30 நாள். அமீனா வந்து நின்ற அன்றுதான் எங்களுக்கு விஷயமே தெரியும். வக்கீல் சொன்னார்: "கட்டு எங்கயோ தவறிப்போச்சுப்பா." மாடு விற்றுக் கொடுத்த ஃபீஸ் மட்டும் தவறவில்லை.

பார் கவுன்சிலுக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம், பிரிவு 35: கண்டிக்கலாம், கொஞ்ச காலம் நிறுத்தலாம், பதிவேட்டிலிருந்தே பெயரை நீக்கலாம். எது ஒழுங்கீனம் என்று மட்டும் சட்டம் வரையறுக்கவில்லை. வெறும் கவனக்குறைவு ஒழுங்கீனமாகாது, அதில் நெறிகேடு இருக்கவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம், 1963இல். அதாவது, காசைத் திருடினால் குற்றம். கவனிக்காமல் நிலத்தைத் தொலைத்தால் பிழை. விசாரிக்கும் குழுவில் மூன்று பேர். மூன்று பேரும் வக்கீல்கள். தன் ஆளைத் தானே விசாரிக்கும் பஞ்சாயத்து நமக்கென்ன புதுசா?

நுகர்வோர் நீதிமன்றம்? 1995இல் டாக்டர்களை அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்த அதே உச்ச நீதிமன்றம், 2024 மே 14இல் வக்கீல்களுக்கு அது பொருந்தாது என்றது. சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கலாம். 1926ஆம் ஆண்டுச் சட்டமே வழி வைத்திருக்கிறது. சரிதான். அதுக்கும் ஒரு வக்கீல் வேணுமே! தினம் பக்கத்தில் உட்காருகிறவர் மேல் கேஸ் போட எங்க தாலுகாவில் யார் வருவார்?

"தோத்தா வக்கீல் மேல பழியா?" என்றார் வழக்கறிஞர் தோழர் ஒருவர். இல்லை தோழர். வாதாடித் தோற்றவரைக் கையெடுத்துக் கும்பிடுவோம். வாயே திறக்காமல் தோற்கடித்தவரைத்தான் கேட்கிறோம். பணக்காரன் இன்னொரு பெரிய வக்கீலை வைத்துப் பிழையைத் திருத்திக்கொள்வான். நமக்கு வக்கீலின் பிழைதான் தீர்ப்பு.

படுமோசமான கவனக்குறைவே ஒழுங்கீனம் என்று சட்டத்தில் எழுதுங்கள். விசாரணைக் குழுவில் கறுப்புக் கோட்டுப் போடாத ஒருவரையாவது உட்கார வையுங்கள். இழப்பை ஈடுகட்ட உத்தரவிடும் அதிகாரத்தையும் கொடுங்கள்.

சித்தப்பா சொல்கிறார்: "வுடுப்பா, நமக்குன்னு ஒரு வக்கீல் வந்தாரே, அதுவே பெருசு."

அந்தப் பெருந்தன்மைதான் இத்தனை காலமும் அவர்களைக் காப்பாற்றியது. புகாரை நாளைக்குத் தபாலில் போடுகிறேன்.