ஐந்து பேருக்கு ஒரு தலைவர்

சைக்கிள் குழு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, ஞாயிற்றுக்கிழமை காலையில் சாலையின் இடது தடத்தில் ஒரே சீருடையில் வேகமாகச் செல்லும் கூட்டம்தான். காரோட்டிகளுக்கு அவர்கள்மீது எரிச்சல். அவர்களுக்குக் காரோட்டிகள்மீது எரிச்சல். இந்த வாக்குவாதத்தில் இன்னொரு வகைக் குழு யார் கண்ணிலும் படுவதில்லை. வாரம் ஒருமுறை வேலையும் வகுப்பும் முடிந்தபின், பழைய சைக்கிளிலும் மடக்கு சைக்கிளிலும் வந்து கூடி, மெதுவாகப் போய், எங்காவது சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் அக்கம்பக்கத்துக் குழுக்களைச் சொல்கிறேன். அப்படிப்பட்ட ஒரு குழுவில் நான் ஈராண்டுகளாக இருக்கிறேன்.

2022ல் வந்த ஒரு சாலை விதி குழுவாக ஓட்டும் பழக்கத்தையே கெடுத்துவிடும் என்று சைக்கிளோட்டிகள் பலர் குறைபட்டுக்கொண்டனர். என் கருத்து வேறு. அந்த விதி நம் குழுக்களுக்கு நன்மை செய்யக்கூடியது. ஆனால் அதற்கு இளையர்கள் முன்வர வேண்டும்.

சேர்ந்து சைக்கிள் ஓட்டும் பழக்கம் பந்தயத்திற்காக மட்டும் வளர்ந்ததன்று. 1894ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹம் நகரில் இளையர்கள் சிலர் ஒரு சைக்கிள் மன்றம் தொடங்கினர். தாங்கள் விரும்பிப் படித்த ‘கிளாரியன்’ என்ற சோஷலிச வார இதழின் பெயரையே அதற்கு வைத்தனர். ஓய்வு நாளில் நகரத்தைவிட்டுக் கிராமப்புறங்களுக்குப் போவதும், போகிற இடத்தில் தங்கள் கொள்கையைப் பரப்புவதும் அவர்கள் வழக்கம். பெண்களும் அதில் சேர்ந்தனர். அந்த அமைப்பு இன்றும் இயங்குகிறது.

சிங்கப்பூரில் இத்தகைய குழுக்கள் வளர்ந்ததற்கு நம் பாதைகளும் ஒரு காரணம். 1990களின் தொடக்கத்தில் பூங்கா இணைப்புப் பாதைகள் அமைக்கப்படத் தொடங்கின. நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவது அப்போது குற்றம். தெம்பனிசில் 2007ல் சோதனை முறையில் அது அனுமதிக்கப்பட்டு, 2010ல் நிரந்தரமாக்கப்பட்டது. 2018ல் நடப்புக்கு வந்த சட்டம் மற்ற வட்டாரங்களிலும் அதற்கு வழிவிட்டது. இதற்கிடையே ஃபேஸ்புக் வந்தது. ‘லவ் சைக்கிளிங் எஸ்ஜி’ போன்ற குழுக்கள் அதன்வழி வளர்ந்தன. உறுப்பினர் அட்டை, பயிற்றுநர், போட்டி எதுவும் இல்லாமலேயே முன்பின் தெரியாதவர்கள் ஓரிடத்தில் கூடிப் புறப்பட முடிந்தது.

எங்கள் குழுவுக்கும் ஒரே ஒரு விதிதான்: யாரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது. கூட்டத்தில் ஆக மெதுவாக ஓட்டுபவரின் வேகமே அனைவரின் வேகம். வழி தெரிந்தவர் முன்னால் போவார். அனுபவம் உள்ள இன்னொருவர் கடைசியில் வருவார். அவரை ‘ஸ்வீப்பர்’ என்போம். ஒருவரின் டயரில் காற்று இறங்கினால் ஸ்வீப்பரும் நிற்பார். முன்னால் பள்ளமோ பாதசாரியோ இருந்தால் கையால் சைகை காட்ட, அது ஆள் மாற்றி ஆளாகப் பின்னால் வரும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து கடலோரமாகச் சாங்கி கிராமம்வரை போய், உணவங்காடி நிலையத்தில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது எங்களுக்குப் பிடித்த பயணம். ஓய்வுபெற்ற ஆசிரியரும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவியும் விநியோக ஊழியரும் ஒரே மேசையில் உட்காருவதை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை.

இனி அந்த விதிக்கு வருவோம். 2022 ஜனவரி 1 முதல், சாலையில் ஒரு சைக்கிள் குழுவின் நீளம் ஐந்து சைக்கிள்களுக்கு மேல் இருக்கக்கூடாது. ஒற்றை வரிசையில் சென்றால் 5 பேர். இருவர் இருவராகச் சென்றால் 10 பேர். மீறினால் 150 வெள்ளி அபராதம். இரு குழுக்களுக்கு இடையே ஏறத்தாழ 30 மீட்டர், அதாவது இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு இடையிலான தூரம், இருப்பது நல்லது என்றும் பரிந்துரைக்கப்பட்டது.

எதிர்த்தவர்களின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரிய கூட்டமாகப் போனால்தான் லாரி ஓட்டுநரின் கண்ணில் படுவோம் என்றார்கள். கூட்டத்தைப் பிரித்தால் வழி தெரியாத புதியவர்கள் பின்தங்கித் தொலைந்துபோவார்கள் என்றும் சொன்னார்கள்.

ஆனால் முப்பது பேர் ஒரே வரிசையில் போகும்போது என்ன நடக்கும் என்பதை எங்கள் குழுவின் மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பச்சை விளக்கு மாறும்போது பாதிக் கூட்டம் சாலையைக் கடந்திருக்கும். மீதிப் பேர் தவித்து நிற்பார்கள். முன்னால் இருப்பவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. முப்பது பேருக்கும் ஒரே தலைவர். மற்றவர்கள் அவர் பின்னால் போனால் போதும். அதே முப்பது பேரை ஐந்து ஐந்தாகப் பிரித்தால் ஆறு தலைவர்கள் தேவை. ஆறு பேருக்கு வழி தெரிந்திருக்க வேண்டும். ஆறு பேர் டயர் மாற்றக் கற்றிருக்க வேண்டும். இந்தக் கட்டாயம்தான் அந்த விதியால் கிடைத்த நன்மை.

எங்கள் குழு பூங்காப் பாதையிலும் இப்படித்தான் பிரிந்து ஓட்டுகிறது. பாதை நமக்கு மட்டும் உரியதன்று. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடப்பவருக்கு முப்பது சைக்கிள்கள் வரிசையாக வருவது மிரட்டலாகவே தோன்றும்.

ஆனால் ஓர் ஆபத்தும் உண்டு. ஐந்து ஐந்தாகப் பிரியும்போது வேகமானவர்கள் தங்களுக்குள் சேர்ந்துகொள்வார்கள். மெதுவானவர்கள் கடைசிக் குழுவாகிவிடுவார்கள். முதல் குழு சாப்பிட்டு முடித்துக் கிளம்பும் நேரத்தில்தான் கடைசிக் குழு வந்து சேரும். இரண்டு மூன்று வாரம் இப்படி நடந்தால் அவர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள். யாரும் அவர்களை வெளியேற்றியிருக்கமாட்டார்கள். ஆனாலும் குழுவின் ஒரே விதி அங்கே தோற்றுப்போகும். மதிப்பெண் அடிப்படையில் பிரிந்து பிரிந்தே வளர்ந்த நமக்கு, வேகத்தின் அடிப்படையில் பிரிவது தவறாகக்கூடத் தோன்றாது.

இதைத் தவிர்க்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ஒவ்வொரு ஐவர் குழுவிலும் வேகமானவர், மெதுவானவர், புதியவர் எனக் கலந்து சேர்க்க வேண்டும். இரண்டாவது, தலைவர் பொறுப்பைச் சுழற்சி முறையில் தர வேண்டும். ஆனால் அந்தப் பாதையில் இரண்டு முறையாவது ஸ்வீப்பராக வந்தவருக்கே அதைத் தர வேண்டும். மூன்றாவது, கடைசிக் குழு வந்து சேரும்வரை யாரும் சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுக்கக்கூடாது. மூன்றாவது விதியைப் பார்த்துச் சிரிக்கலாம். எங்களிடம் அதுதான் நன்றாக வேலை செய்கிறது.

தீவு முழுவதும் சைக்கிள் பாதைகளை 2030க்குள் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டராக விரிவுபடுத்த அரசாங்கம் திட்டமிட்டுள்ளது. பாதையை அரசாங்கம் போட்டுக் கொடுக்கும். அதில் எப்படிச் சேர்ந்து போவது என்பதை ஓட்டுபவர்கள்தாம் பழகிக்கொள்ள வேண்டும். பல குழுக்களைத் தொடங்கியவர்களுக்கு இப்போது வயதாகிறது; அவர்களுக்குப் பின் முன்னால் போக ஆள் தேவை.

அதற்கு விலையுயர்ந்த சைக்கிள் வேண்டாம். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, தலைக்கவசம், தண்ணீர்ப் புட்டி போதும். தேர்வு முடிந்ததும் உங்கள் வட்டாரக் குழுவைத் தேடிப் போங்கள். முதல் சில வாரம் கடைசியில் வருபவருடன் சேர்ந்து ஓட்டுங்கள். பின்தங்குபவர்கள் யார், ஏன் பின்தங்குகிறார்கள் என்பதை அங்கிருந்து பார்த்துப் பழகியவர், பிறகு ஐந்து பேரை நன்றாகவே அழைத்துச் செல்வார்.